‘யூ’ன்னு சொன்னா மரியாதை குறையுமா, சார்?

ஆங்கிலம் பற்றி நம் ஊர்கள் கேட்கும் கேள்விகளும், அவற்றுக்குத் தமிழுக்குள்ளேயே கிடைக்கும் பதில்களும்

‘பெரியவங்ககிட்ட ‘வேர் ஆர் யூ கோயிங்’னு கேட்கலாமா சார்? ‘யூ’ன்னா நீயா, நீங்களா?’

‘ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ் - இது ஏன் மிஸ் தப்பு?’

‘பஸ்ல போனா ‘ஆன்’, கார்ல போனா ‘இன்’. ரெண்டும் வண்டிதானே?’

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஆங்கிலம் கற்பிக்கிற எந்த ஆசிரியரும் இந்தக் கேள்விகளை எதிர்கொள்ளாமல் இருந்திருக்க முடியாது. வகுப்பில் கை தூக்கிக் கேட்கிறவர்கள் கொஞ்சம் பேர். மணி அடித்த பிறகு வராந்தாவில் நிறுத்திக் கேட்கிறவர்கள் இன்னும் கொஞ்சம் பேர். கேட்டால் சிரிப்பார்களோ என்று மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டு ஊர் திரும்புகிறவர்கள்தான் அதிகம். அந்தக் கடைசிக் கூட்டத்துக்காகவே இந்தக் கட்டுரை.

பேருந்தில் அரை மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய இந்த இரண்டு ஊர்களுக்கும் ஆங்கிலம் ஒரு பாடம் மட்டுமல்ல, பிழைப்பும்கூட. 1936இல் தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் முதல் இன்றைய நூற்பாலைகள் வரை, ராஜபாளையத்துப் பருத்தி நூல் வெளியூர்க்காரர்களிடம் விலை பேசித்தான் விற்கிறது. பக்கத்தில் சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பகுதிகளின் விசைத்தறிகள் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்கின்றன. அதற்கான கடிதப் போக்குவரத்து ஆங்கிலத்தில் நடக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயிலின் பதினொரு நிலைக் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிற வடநாட்டுப் பயணிக்கும் வெளிநாட்டுப் பயணிக்கும் பதில் சொல்ல ஆங்கிலம் வேண்டும். கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் பல்கலைக்கழகத்துக்கு வெளிமாநிலங்களிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களோடு ஒரே பெஞ்சில் உட்காருகிற நம் பிள்ளைக்கும் ஆங்கிலம் வேண்டும்.

இவர்கள் கேட்கும் கேள்விகளை வரிசையாக எழுதிப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. ஏறக்குறைய ஒவ்வொரு ‘தப்பு’க்குப் பின்னாலும் ஒரு தமிழ் இலக்கண விதி இருக்கிறது. பிள்ளை உளறவில்லை. தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விதியை, அது செல்லாத இடத்தில் பயன்படுத்துகிறது. எந்த விதியை எங்கே விட வேண்டும் என்று காட்டிவிட்டால் பாதி ஆங்கிலம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

‘யூ’ என்றால் ‘நீங்கள்’தான்

முதல் கேள்வியிலிருந்தே தொடங்குவோம். அப்பா வயதுக்காரரை ‘யூ’ என்று கூப்பிடக் கூசுகிறது நம் பிள்ளைகளுக்கு. நியாயமான கூச்சம். ‘நீ’, ‘நீங்கள்’ என்ற வேறுபாட்டில்தான் தமிழன் உறவையே அளக்கிறான். அதை ஒரு மொழி கண்டுகொள்ளவில்லை என்றால் அது மரியாதை இல்லாத மொழியாகத்தானே தெரியும்?

உண்மை வேறு. ஆங்கிலத்துக்கும் ஒரு காலத்தில் ‘நீ’ இருந்தது. ‘தௌ’ என்பது அந்தச் சொல். ஷேக்ஸ்பியர் நாடகங்களிலும் பழைய பைபிள் மொழிபெயர்ப்பிலும் அதை இன்றும் பார்க்கலாம். ‘யூ’ பலரைக் குறிக்கவும், மரியாதைக்குரிய ஒருவரைக் குறிக்கவும் பயன்பட்ட சொல். நம் ‘நீங்கள்’ எப்படியோ அப்படி. 17ஆம் நூற்றாண்டுவாக்கில் பொதுப் பேச்சிலிருந்து ‘தௌ’ உதிர்ந்துபோய், எல்லோரையும் ‘யூ’ என்றே அழைக்கும் வழக்கம் நிலைத்தது. ஒருவரிடம் பேசும்போதும் ‘யூ ஆர்’ என்று பன்மை வினை வருவது அதன் தடயம்தான். ஆகவே ஆங்கிலம் தொலைத்தது ‘நீ’யை. நம் பிள்ளை ‘யூ’ என்னும்போது எல்லோரையும் ‘நீங்கள்’ என்றுதான் அழைக்கிறது.

மரியாதையை ஆங்கிலம் வாக்கியத்தின் அமைப்பில் வைக்கிறது. ‘ஓப்பன் த டோர்’ என்பது உத்தரவு. ‘குட் யூ ஓப்பன் த டோர், ப்ளீஸ்?’ என்பது பணிவு. தமிழும் இதைச் செய்கிறதே! ‘கதவைத் திறங்க’ என்பதைவிட ‘கொஞ்சம் கதவைத் திறக்கிறீங்களா?’ என்பது மென்மையானது. கட்டளையைக் கேள்வியாக்கினால் மரியாதை கூடும் என்பது நமக்குப் புதிதல்ல.

இதை ஒட்டியே இன்னொரு சந்தேகம் வரும். ‘உட் யூ மைண்ட் ஓப்பனிங் த டோர்?’ என்று கேட்டால் ‘யெஸ்’ என்று சொல்வதா, ‘நோ’ என்று சொல்வதா? திறக்கச் சம்மதம் என்றால் ‘நோ’. ஏனென்றால் கேள்வியின் உண்மைப் பொருள், ‘திறப்பதில் உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?’ என்பது. ‘இல்லை’ என்பதே அதற்கு இசைவான பதில்.

‘ஓர்’ தெரிந்தவருக்கு ‘ஆன்’ தெரியும்

‘எ’ (a) எங்கே, ‘ஆன்’ (an) எங்கே? ‘யுனிவர்சிட்டி’ என்ற சொல் உயிரெழுத்தில்தானே தொடங்குகிறது, பிறகு ஏன் ‘எ யுனிவர்சிட்டி’? ‘ஹவர்’ மெய்யெழுத்தில்தானே தொடங்குகிறது, பிறகு ஏன் ‘ஆன் ஹவர்’? பத்தாம் வகுப்பிலும் கேட்கப்படும் கேள்வி, பட்டப்படிப்பு முடித்த பின்னும் கேட்கப்படும் கேள்வி.

தமிழ் வகுப்பில் இதற்குப் பதில் ஏற்கெனவே கிடைத்துவிட்டது. ‘ஒரு வீடு’ என்போம்; ‘ஓர் ஊர்’ என்போம். உயிரில் தொடங்கும் சொல்லுக்கு முன் ‘ஓர்’, மெய்யோடு தொடங்கும் சொல்லுக்கு முன் ‘ஒரு’. ஆங்கிலத்தின் விதியும் இதுவே. ஆனால் அங்கே எழுத்தைப் பார்க்கக் கூடாது, ஒலியைக் கேட்க வேண்டும்.

ஒலியைக் கேட்க எளிய வழி உண்டு. அந்தச் சொல்லை வாயில் வருகிறபடி தமிழில் எழுதிப் பாருங்கள். ‘யுனிவர்சிட்டி’ - ‘யு’வில் தொடங்குகிறது, யகர மெய். ஆகவே ‘எ’. ‘ஹவர்’ என்று எழுதினாலும் சொல்லும்போது ‘ஹ’ ஒலிப்பதில்லை, ‘அவர்’ என்றுதான் வருகிறது. ஆகவே ‘ஆன்’. ‘எம்.எல்.ஏ’ எகரத்தில் தொடங்குகிறது, ஆகவே ‘ஆன் எம்.எல்.ஏ’. ‘யூரோப்பியன்’ யகரம், ‘எ யூரோப்பியன்’. ‘ஒன் ரூபி காயின்’ என்பதில் ‘ஒன்’ வாயில் ‘வன்’ என்று ஒலிக்கிறது, ஆகவே ‘எ’. தமிழ் எழுத்து ஒலியை ஒட்டி நடப்பதால், ஆங்கில எழுத்து ஏமாற்றும் இடத்தில் அது காப்பாற்றுகிறது.

‘த’ எங்கே வரும் என்பதையும் தமிழால் பெருமளவு பிடித்துவிடலாம். ‘ஒரு கடையில பால்கோவா வாங்கினேன். அந்தக் கடை தேரடி பக்கம் இருக்கு.’ முதல் முறை சொல்லும்போது ‘ஒரு’. கேட்பவருக்கு எந்தக் கடை என்று தெரிந்த பிறகு ‘அந்த’. முதலாவது ‘எ’, இரண்டாவது ‘த’. ‘பால்கோவா இனிக்கும்’ என்று பொதுவாகச் சொன்னால் தமிழில் இரண்டும் தேவையில்லை, ஆங்கிலத்திலும் தேவையில்லை. நதிப் பெயருக்கு ‘த’ உண்டு, ஊர்ப் பெயருக்கு இல்லை என்பதுபோன்ற சில வழக்குகளைப் பழகித்தான் ஆக வேண்டும். ஆனால் அடிப்படை இதுதான்.

ஆடிப்பூரத் தேரும் ஆங்கிலக் காலமும்

‘ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்’ எங்கிருந்து வருகிறது? ‘எனக்கு ரெண்டு தங்கச்சி இருக்காங்க’ என்பதிலிருந்து. தமிழில் ‘ஹேவ்’ என்பதற்கு நேரான வினை கிடையாது. உடைமையை ‘எனக்கு... இருக்கு’ என்றே சொல்கிறோம். தெலுங்கிலும் இதே அமைப்புதான். வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசும் ராஜபாளையத்துப் பிள்ளைக்கு இரண்டு பக்கமிருந்தும் ஒரே அச்சு கிடைக்கிறது. ‘இருக்காங்க’ என்பதில் ‘இப்போது’ என்ற பொருள் தொனிப்பதால் ‘ஹேவிங்’ என்று வாய் போகிறது.

இதைத் திருத்த இலக்கணப் பெயர்கள் வேண்டாம். ‘எனக்கு ரெண்டு தங்கச்சி இருந்துகிட்டிருக்காங்க’ என்று யாராவது சொல்வோமா? ‘எனக்குத் தெரிஞ்சுகிட்டிருக்கு’ என்போமா? சொல்ல மாட்டோம். ‘கிட்டிருக்கு’ என்று நீட்டிச் சொல்ல முடியாத இடத்தில் ஆங்கிலத்திலும் ‘-இங்’ வராது. ‘சாப்பிட்டுகிட்டிருக்கேன்’ என்று சொல்லலாம், ஆகவே ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’ சரி. அங்கே ‘ஹேவ்’ உடைமையைக் குறிக்கவில்லை, சாப்பிடும் செயலைக் குறிக்கிறது.

அடுத்தது ‘ஐ ஹேவ் சீன்’, ‘ஐ சா’ குழப்பம். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரரிடம் கேளுங்கள்: ‘ஆண்டாள் தேர் பார்த்திருக்கீங்களா?’ ‘பார்த்திருக்கேனே!’ என்பார். ‘எப்போ?’ ‘போன ஆடிப்பூரத்துக்குப் பார்த்தேன்.’ காலம் குறிக்காமல் அனுபவத்தைச் சொல்லும்போது ‘பார்த்திருக்கேன்’. இன்ன நாள் என்று குறித்துவிட்டால் ‘பார்த்தேன்’. முதலாவது ‘ஐ ஹேவ் சீன்’, இரண்டாவது ‘ஐ சா’. ‘ஐ ஹேவ் சீன் இட் யெஸ்டர்டே’ ஏன் பிழை என்று சொல்ல வேறு விளக்கம் வேண்டாம். ‘நேத்து அந்தத் தேரைப் பார்த்திருக்கேன்’ என்பது நம் காதுக்கே ஒட்டவில்லை.

‘ஆமா’ எங்கே, ‘இல்லை’ எங்கே

இது வியாபாரத்தில் பணம் போகக்கூடிய இடம். பேண்டேஜ் துணி வாங்கும் வெளிநாட்டு வாடிக்கையாளர் தொலைபேசியில் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: ‘டோன்ட் யூ ஹேவ் த ஸ்டாக்?’ - உங்களிடம் சரக்கு இல்லையா? சரக்கு இல்லை. நம்மவர் ‘யெஸ்’ என்கிறார். ‘ஆமா, இல்லை’ என்பது அவர் மனதில் இருக்கும் பொருள். எதிர்முனையில் இருப்பவரோ சரக்கு இருப்பதாக எடுத்துக்கொள்கிறார்.

‘சாப்பிடலையா?’ என்று கேட்டால் ‘ஆமா, சாப்பிடல’ என்று நாம் சொல்ல முடியும். கேட்டவரின் எண்ணம் சரி என்று ஆமோதிக்கிறோம். ஜப்பானியரும் இப்படித்தான் பதில் சொல்வார்கள். ஆங்கிலம் கேட்டவரின் எண்ணத்தைப் பொருட்படுத்துவதில்லை, உண்மை நிலையை மட்டுமே பார்க்கிறது. இருந்தால் ‘யெஸ்’, இல்லாவிட்டால் ‘நோ’, கேள்வி எப்படி வந்தாலும் சரி. பாதுகாப்பான பழக்கம் ஒன்று: வெறும் ‘யெஸ்’, ‘நோ’வோடு நிறுத்தாமல் ‘நோ, வீ டோன்ட் ஹேவ் இட்’ என்று முழுதாகச் சொல்லிவிடுவது.

ஆங்கிலத்தில் கேட்கவே முடியாத கேள்வி

ராஜபாளையத்தில் பிறந்து 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்தவர் பி.எஸ்.குமாரசாமி ராஜா. ‘அவர் எத்தனையாவது முதல்வர்?’ தமிழில் ஒரு சின்னப் பிள்ளைகூடக் கேட்டுவிடும். ஆங்கிலத்தில்? ‘எத்தனையாவது’ என்பதற்கு அங்கே வழக்கில் உள்ள ஒரு சொல் இல்லை. ‘அவருக்கு முன் எத்தனை பேர் முதல்வராக இருந்தார்கள்?’ என்று சுற்றிவளைத்துத்தான் கேட்க வேண்டும். ‘ஹௌ மெனியத்’ என்று தடுமாறுகிற மாணவருக்கு, குறை அவரிடம் இல்லை, மொழியில்தான் அந்த இடம் காலி என்று சொல்லிக்கொடுக்க வேண்டும்.

உறவு முறைகளிலும் இதே கதை. அத்தை, சித்தி, பெரியம்மா, மாமி நால்வரும் ‘ஆன்ட்’தான். சகலையைச் சொல்ல நம்மவர்கள் ‘கோ-பிரதர்’ என்று ஒரு சொல்லையே உருவாக்கிக்கொண்டார்கள். ‘நாம்’, ‘நாங்கள்’ இரண்டும் ‘வீ’. ‘வீ ஆர் கோயிங் டு மதுரை’ என்று நண்பர் சொன்னால் நாமும் கிளம்ப வேண்டுமா இல்லையா என்பதை அந்த வாக்கியம் சொல்லாது. தனியே கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடிக்கடி கேட்பவை, சுருக்கமான பதில்கள்

பஸ்ஸுக்கு ‘ஆன்’ (on), காருக்கு ‘இன்’ (in) ஏன்? எழுந்து நின்று நடமாடக்கூடிய பஸ், ரயில், கப்பல், விமானம் ஆகியவற்றுக்கு ‘ஆன்’. குனிந்து ஏறி உட்கார்ந்தே போகும் கார், ஆட்டோவுக்கு ‘இன்’. பொதிகை எக்ஸ்பிரஸ் என்றால் ‘ஆன்’.

‘டுடே மார்னிங்’ சரியா? ‘திஸ் மார்னிங்’ என்பதே வழக்கு. ‘யெஸ்டர்டே நைட்’ என்பதைவிட ‘லாஸ்ட் நைட்’ இயல்பு. ‘யெஸ்டர்டே மார்னிங்’, ‘டுமாரோ நைட்’ இரண்டும் சரி. இதற்குக் காரணம் தேட வேண்டாம், பழக்கம்தான்.

‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்’ சரியா? ‘ஃப்ரெண்ட்ஸ்’ என்று பன்மை வேண்டும். ‘என் நண்பர்களில் ஒருவர்’ என்று தமிழிலும் பன்மைதானே சொல்கிறோம்.

‘டிஸ்கஸ் அபௌட்’ ஏன் தவறு? ‘அபௌட்’ இல்லாமலே ‘டிஸ்கஸ்’ முழுமை பெறுகிறது. ‘டிஸ்கஷன்’ என்று பெயர்ச்சொல்லாக்கினால் ‘அபௌட்’ வரலாம்.

‘மைசெல்ஃப் முருகன்’ என்று அறிமுகம் செய்துகொள்ளலாமா? ‘ஐ ஆம் முருகன்’ போதும். ‘மைசெல்ஃப்’ என்பது ‘என்னையே’, ‘நானே’ என்று அழுத்திச் சொல்லும் இடத்துக்கானது.

பால்கோவாவுக்கு ஆங்கிலம் என்ன? பால்கோவாதான். 2019இல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் இந்தப் பெயரில்தான். பாலும் சர்க்கரையும் சேர்த்துச் சுண்டக் காய்ச்சியது என்று விளக்கலாம். பெயரை மாற்ற வேண்டியதில்லை.

நம் ஆங்கிலம் தவறான ஆங்கிலமா?

‘ப்ளீஸ் டூ த நீட்ஃபுல்’ என்று எழுதினால் வெளிநாட்டில் சிரிப்பார்கள் என்று சொல்லப்படுகிறது. அந்தத் தொடர் இங்கே பிறந்ததல்ல. ஆங்கிலேயரே ஒரு காலத்தில் கடிதங்களில் எழுதியது, அங்கே வழக்கொழிந்து இங்கே வாழ்கிறது. ‘போஸ்ட்போன்’ என்பதற்கு எதிராக நாம் சரளமாகப் பயன்படுத்தும் ‘ப்ரீபோன்’ இன்று ஆக்ஸ்போர்டு அகராதியில் இருக்கிறது. 2017இல் அதே அகராதி சேர்த்துக்கொண்ட இந்தியச் சொற்களில் நம் ‘அண்ணா’வும் ஒன்று. கட்டுமரமும் காசும் அதற்கு நெடுங்காலம் முன்பே ஆங்கிலத்துக்குள் போனவை.

அதற்காக எல்லாம் எங்கும் செல்லும் என்று பொருளல்ல. ‘ஐ பாஸ்டு அவுட் இன் 2020’ என்று நம் ஊரில் சொன்னால் படித்து முடித்தது புரியும். லண்டனில் சொன்னால் மயங்கி விழுந்ததாக நினைப்பார்கள். ‘ஹோட்டல்’ என்றால் நமக்குச் சாப்பாடு, அவர்களுக்குத் தங்கும் அறை. ஆகவே மாணவருக்குச் சொல்லித்தர வேண்டியது, எதிரில் இருப்பவர் யார் என்று பார்த்துச் சொல்லைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம். மதுரை நிறுவனத்துக்கு எழுதும் கடிதத்தில் ‘டூ த நீட்ஃபுல்’ இருக்கட்டும். ஜெர்மனிக்கு எழுதும்போது என்ன செய்ய வேண்டும் என்று நேராக எழுதிவிடுவதே நல்லது.

கற்பித்த விதம்

இந்த மண்ணுக்கு ஆங்கிலம் புதியதல்ல. ஸ்ரீவில்லிபுத்தூர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த காலத்தில், அன்றைய கலெக்டர் பென்னிங்டன் பெயரில் 1875இல் அங்கே ஒரு பொது நூலகம் உருவானது. அது இன்றும் இயங்குகிறது. பிறகு ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணமும் லிப்கோ அகராதியும் வீட்டுக்கு வீடு வந்தன.

1950களின் இறுதியில் சென்னை மாநிலம் ஒரு பெரிய முயற்சியில் இறங்கியது. தொடக்க நிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி. முதலில் சிலருக்குக் கற்பித்து, அவர்கள் வழியாக அடுத்தவர்களுக்கு என்று விரிந்ததால் அது ‘மெட்ராஸ் ஸ்னோபால்’ என்று பெயர் பெற்றது. வாக்கிய அமைப்புகளைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழக்கும் முறை அது. வாய் பழகியது. ‘ஏன்’ என்ற கேள்விக்கு அதில் அதிக இடம் இல்லை.

1979 முதல் 1984 வரை, சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ்.பிரபு வேறொரு வழியைச் சோதித்தார். பெங்களூரு, சென்னைப் பகுதிகளில் சில சாதாரணப் பள்ளிகளில், இலக்கணத்தை நேரடியாக நடத்தாமல், ரயில் கால அட்டவணையையும் வரைபடத்தையும் கொடுத்து, ‘எந்த வண்டியில் போனால் நேரத்துக்குப் போகலாம்?’ என்பதுபோன்ற கணக்குகளை ஆங்கிலத்தில் தீர்க்க வைத்தார். பொருளில் மனம் ஊன்றும்போது மொழி தானாகப் படியும் என்பது அவர் கொள்கை. 1987இல் அவர் எழுதிய நூல் இன்றும் உலகெங்கும் ஆங்கில ஆசிரியர் பயிற்சியில் பேசப்படுகிறது. நம் வகுப்பறைகளில் அது எத்தனை பேருக்குத் தெரியும்?

2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவுகள் பரவின. ஆனால் புத்தகத்தின் மொழி மாறியதோடு கேள்வி கேட்கும் துணிச்சல் வந்துவிடவில்லை. வினா-விடையை மனப்பாடம் செய்து தேர்வில் மதிப்பெண் வாங்கிவிட முடியும். ‘ஏன் சார் ‘ஹேவிங்’ வரக் கூடாது?’ என்று கேட்பதற்குத் தேர்வில் மதிப்பெண் கிடையாது.

செய்ய வேண்டியது

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாரத்துக்கு ஒரு பீரியட் ஒதுக்குங்கள். அதில் பாடம் வேண்டாம், மாணவர்களின் சந்தேகங்கள் மட்டும் போதும். பெயர் எழுதாமல் சீட்டில் எழுதிப் போடச் சொல்லுங்கள். கூச்சப்படுகிறவர்களும் எழுதுவார்கள். பதிலைத் தமிழில் சொல்லத் தயங்காதீர்கள். ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் என்ற பழக்கம் எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் அதை உடனே நிறுத்துங்கள். மாணவர் கையில் இருக்கிற மிகச் சிறந்த கருவியை அந்த அபராதம் பறிக்கிறது. ‘ஓர் ஊர்’ என்று காட்டி ‘ஆன் ஹவர்’ சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும்.

பெற்றோருக்கு: பிள்ளை தப்பாகப் பேசினால் சிரிக்காதீர்கள். உறவினர் முன் ‘இங்கிலீஷ்ல பேசிக் காட்டு’ என்று நிறுத்தாதீர்கள்.

கற்றுக்கொண்டிருப்பவர்களுக்கு, அது பதினாறு வயது மாணவியானாலும் அறுபது வயதுக் கடைக்காரரானாலும்: உங்கள் சந்தேகம் சின்னது அல்ல. வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ் என்று புழங்குகிற ஊர் இது. இலக்கணப் புத்தகம் இல்லாமலே இரண்டு மொழிகளைப் பிழையின்றிப் பேசுகிறவர்கள் இங்கே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். மூன்றாவது மொழியும் வரும். புரியாத இடத்தில் நிறுத்தி, ‘இது ஏன் இப்படி?’ என்று தமிழிலேயே கேளுங்கள்.